அந்த ‘ஸ்’ எங்கே போனது?

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கீழ்க்கோர்ட்டில் தமிழில் நடந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது பத்திரம், சாட்சியம், தீர்ப்பு என்று அத்தனையையும் ஆங்கிலத்தில் தட்டித் தர வேண்டும். அன்றைக்குக் கையில் இருந்தது ஓர் அடமான வழக்கு. ஒரே வயலை இரண்டு பேரிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். இரண்டாவதாகக் கடன் கொடுத்தவருக்கு என்ன வழி என்பது கேள்வி. சீனியர், சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, “ஆர்டர் 34, முதல் ரூல். அந்த விளக்கத்தைச் சத்தமா வாசிம்மா” என்றார்.

வாசித்தேன். “எ புய்ஸ்னே மார்ட்கேஜி மே சூ…”

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் சிரித்தார்கள். “அது பியூனிம்மா. அப்புறம் மார்ட்கேஜி இல்ல, மார்கேஜி. ‘ட்’ வராது” என்றார் சீனியர். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், “தமிழ் மீடியமா?” என்று கேட்டார். ஆமாம், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த அறையில் நான் எதையும் சத்தமாக வாசிக்கவில்லை. கண்ணால் படிப்பேன், தட்டுவேன், கொடுப்பேன்.

அந்தச் சொல்லை மட்டும் விடவில்லை. எழுத்தில் இருக்கிற ‘ஸ்’ எப்படி வாயில் காணாமல் போகும்? அதைத் தேடிப் போனதுதான் ஆங்கிலத்துக்குள் இருக்கும் பிரெஞ்சு என்கிற பெரிய வீட்டுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. பதினாறு வருடமாக அதற்குள்தான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

‘புய்ஸ்’ என்றால் பழைய பிரெஞ்சில் ‘பிறகு’. ‘நே’ என்றால் ‘பிறந்தவர்’. பின்னால் பிறந்தவர், இளையவர். தலைமை நீதிபதி நீங்கலான மற்ற நீதிபதிகளைக் குறிக்க இங்கிலாந்து நீதிமன்றங்கள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டன. அங்கிருந்து கப்பலேறி சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. அடமானத்தில் பின்னால் வந்தவருக்கும் அதே பெயர். நீதிமன்றத்துக்குள் பழைய எழுத்தோடு இருந்த சொல், தெருவில் இறங்கியதும் ஒலிப்படியே எழுதப்பட்டு ‘பியூனி’ ஆனது. பொருளும் இறங்கியது. இளையவன், சின்னவன், நோஞ்சான். இன்று ஆங்கிலத்தில் நோஞ்சானைக் குறிக்கும் சொல்லும், நீதியரசரைக் குறிக்கும் சொல்லும் ஒரு தாய் பிள்ளைகள்.

சரி, அந்த ‘ஸ்’? அது லத்தீனிலிருந்து வந்தது. பிறகு என்பதற்கு லத்தீனில் ‘போஸ்ட்’. பழைய பிரெஞ்சு அந்த ‘ஸ்’ஸை உச்சரித்தது, காலப்போக்கில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ‘ஸ்’களையெல்லாம் விழுங்கிவிட்டது. இன்றைய பிரெஞ்சில் அது எழுத்திலும் இல்லை. உயிரெழுத்தின் தலைமேல் கூரை போல ஒரு சின்னக் குறி போடுகிறார்கள். இங்கே ஒரு ‘ஸ்’ இருந்தது என்பதற்கான நடுகல் அது. ஆக, நான் வாசித்தது தப்புதான், ஆனால் இல்லாத ஒன்றை நான் வாசிக்கவில்லை. சிரித்தவர்கள் சரியாகச் சொன்ன ‘பியூனி’யும் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சை மென்று துப்பிய ஒரு வடிவம்தான்.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மூன்று போர்டுகள் கண்ணில் படும். ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல். மூன்றும் விருந்தோம்பலைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்லின் வழிவந்தவை. ‘ஹாஸ்டல்’ முன்னாலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது, அதனால் ‘ஸ்’ தங்கிவிட்டது. பிரான்சில் ‘ஸ்’ செத்துப்போய்ப் பல காலம் கழித்து அதே சொல் இன்னொரு முறை வந்தது, அது ‘ஹோட்டல்’. ஃபாரஸ்ட், பீஸ்ட், ஃபீஸ்ட் எல்லாவற்றிலும் ஆங்கிலம் அந்தப் பழைய ‘ஸ்’ஸைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களே தொலைத்த ஒலியை, கடன் வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் ஆச்சரியம்.

இவ்வளவும் எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1066 அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து மன்னர் ஹெரால்ட் இறந்தார். பிரான்சின் வடகரையில் இருக்கும் நார்மண்டியின் பிரபு வில்லியம் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடினார். நிலம், தேவாலயம், நீதிமன்றம் எல்லாம் பிரெஞ்சு பேசுபவர்கள் கைக்குப் போயின. உழுதவர்கள் ஆங்கிலம் பேசினார்கள்.

ஆண்டவர்கள் பிரெஞ்சு பேசினார்கள், ஆளப்பட்டவர்கள் அதைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். காலக்கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1066-ஐ ஒட்டிய நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் ஆங்கிலத்துக்குள் வந்த பிரெஞ்சுச் சொற்கள் குறைவு. 1250 முதல் 1400 வரைதான் வெள்ளம். அதற்கு முன்பே, 1204-இல், நார்மண்டியை ஜான் மன்னர் பிரான்சிடம் இழந்துவிட்டார். அக்கரையில் நிலம் போனதும் பிரபுக்களின் பிள்ளைகள் மெல்ல மெல்ல ஆங்கிலம் பேசுபவர்களானார்கள். பேசும்போது வாயில் ஆங்கிலச் சொல் வராத இடத்திலெல்லாம் வீட்டு மொழியின் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சு பேசுவதை விட்டவர்கள்தான் பிரெஞ்சுச் சொற்களை ஆங்கிலத்துக்குள் கொட்டினார்கள். அந்தக் காலகட்டத்தில் வந்தவை ஏறத்தாழ 10,000 சொற்கள் என்றும், அவற்றில் முக்கால் பங்கு இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன என்றும் மொழி வரலாறு எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

நான் கோர்ட் வேலை பார்ப்பவள் என்பதால் என் கண் முதலில் போவது சட்டச் சொற்களுக்கு. ஜட்ஜ், ஜூரி, அட்டர்னி, பிளெயின்டிஃப், எவிடன்ஸ், பெயில், பிரிசன். எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. ‘வெர்டிக்ட்’ என்றால் ‘உண்மையாகச் சொன்னது’. ‘பரோல்’ என்றால் ‘வாக்கு’. திரும்பி வருவேன் என்று கொடுக்கும் வாக்கு. நம் கோர்ட் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். “வக்கீல் ஆஜராகி, ஜாமீன் மனு தாக்கல் பண்ணி, வாய்தா வாங்கிட்டார்.” வக்கீல், ஆஜர், ஜாமீன், தாக்கல், வாய்தா எல்லாம் அரபியும் பாரசீகமும் பேசிய ஆட்சியின் வழியாக நமக்கு வந்தவை. இங்கிலாந்தின் உழவர் ஒருவர் கோர்ட் வாசலில் நின்று கேட்ட சொற்களும் இப்படித்தான் அவருக்கு அந்நியமாக இருந்து, அப்புறம் அவருடையவையே ஆகியிருக்கும். இன்றைக்கு ‘ஜாமீன்’ தமிழ் இல்லை என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

கோர்ட்டைச் சுற்றி இருக்கும் தெருக்களில் ‘நோட்டரி பப்ளிக்’ என்று போர்டு தொங்கும். பைக்கில்கூட எழுதியிருப்பார்கள். ஆங்கில இலக்கணப்படி ‘பப்ளிக்’ முன்னால் வர வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் அடைமொழி வருவது பிரெஞ்சு வழக்கம். அட்டர்னி ஜெனரல், கோர்ட் மார்ஷியல் எல்லாம் அதே வரிசை. சொல்லை மட்டும் எடுக்கவில்லை, அது உட்கார்ந்திருந்த வரிசையையும் அப்படியே பெயர்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். இதனால்தான் அட்டர்னி ஜெனரலுக்குப் பன்மை எழுதும்போது ‘ஸ்’ஸை நடுவில் செருக வேண்டியிருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் இதில் தப்புப் பண்ணாமல் இருந்ததே இல்லை.

மக்களுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடப்பது அநியாயம் என்று அங்கேயும் குரல் எழுந்தது. 1362-இல் இனி வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பிரெஞ்சு மொழி இந்த நாட்டில் பலருக்குத் தெரியவில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சொல்வது பிரெஞ்சில். அதற்குப் பிறகும் வழக்கறிஞர்கள் தங்கள் குறிப்புகளைப் பிரெஞ்சிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1730-இல் இன்னொரு சட்டம் போட்டு, 1733 முதல்தான் அது முழுதாக நின்றது. கீழ்க்கோர்ட்டில் தமிழில் சாட்சி சொன்ன ஒரு அம்மாவின் வார்த்தைகளை உயர் நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்தில் தட்டும்போதெல்லாம் அந்த 370 ஆண்டு இடைவெளி என் நினைவுக்கு வரும். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் சாட்சியத்தைத் தானே படிக்க முடியாது.

வழக்கறிஞர்களின் அந்தப் பிரெஞ்சு கடைசிக் காலத்தில் என்ன ஆனது என்பதற்கு ஒரு குறிப்பு பிரபலம். 1631-இல் சாலிஸ்பரியில் தண்டனை பெற்ற கைதி ஒருவன் தலைமை நீதிபதி மீது செங்கல் துண்டை எறிந்தான். அது படவில்லை. குறிப்பு எழுதியவர் இப்படி எழுதினார்: “ஜெக்ட் உன் பிரிக்பாட் அ ல தி ஜஸ்டிஸ், க்வே நேரோலி மிஸ்ட்.” எறிந்தான் என்பது பிரெஞ்சு, செங்கல் ஆங்கிலம், மேற்படி நீதிபதி என்பது பிரெஞ்சு, நூலிழையில் தப்பியது என்பது ஆங்கிலம். தொடர்ந்து படித்தால் மனம் கனத்துவிடும். அந்தக் கைதியின் வலது கையை வெட்டித் தூக்குமரத்தில் பொருத்தி, நீதிமன்றத்தின் முன்னாலேயே அவனைத் தூக்கிலிட்டார்கள். அவனுடைய முடிவை எழுதிய மொழி அவனுக்குப் புரிந்திருக்காது.

குற்றவாளியைக் குறிக்கும் ‘கல்ப்ரிட்’ என்ற சொல் பிறந்ததும் இப்படியொரு அறையில்தான். கைதி ‘நான் குற்றவாளி இல்லை’ என்றதும், அரசுத் தரப்பு எழுத்தர் பிரெஞ்சில் ‘குற்றவாளிதான், நிரூபிக்கத் தயார்’ என்று பதில் சொல்வார். பதிவேட்டில் அதைச் சுருக்கி ‘கல். ப்ரிட்.’ என்று எழுதுவார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தச் சுருக்கத்தைக் கைதியைக் கூப்பிடும் சொல் என்று நினைத்துச் சேர்த்து வாசித்துவிட்டார்கள் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். எழுத்தை வைத்து வாசித்ததால் ஒரு சொல்லே பிறந்திருக்கிறது.

இப்போது அந்த ‘மார்ட்கேஜ்’ பக்கம் வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. ‘மோர்’ என்றால் செத்த. ‘காஜ்’ என்றால் ஈடு. செத்த ஈடு. ஏன் செத்தது? 15-ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற நீதிபதி ஒரு விளக்கம் சொன்னார்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்துப்போகும்; கட்டிவிட்டால் ஈடு கடன் கொடுத்தவருக்குச் செத்துப்போகும். எல்லா அகராதியும் இதைத்தான் சொல்லும்.

இதைவிடப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட, கிளான்வில் பெயரால் வழங்கும் சட்ட நூலில் அது இருக்கிறது. நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் விடுகிறோம். அவர் அதில் விளைந்ததை எடுத்துக்கொள்கிறார். எடுத்த விளைச்சலுக்கு ஏற்பக் கடன் குறைந்துகொண்டே வந்தால் அந்த ஈடு உயிரோடு வேலை செய்கிறது. எவ்வளவு விளைந்தாலும் அசல் ஒரு காசுகூடக் குறையாவிட்டால் அது செத்த ஈடு. இப்படிச் செய்வது வட்டி வாங்குவதைப் போன்ற பாவம், ஆனால் மன்னரின் நீதிமன்றம் இதைத் தடுக்காது என்கிறது அந்த நூல்.

இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இது அப்படியே நம் ஒத்தி! எங்கள் பக்கம் ஒத்தி, சில ஊர்களில் போக்கியம். என் அப்பா 1994-இல் கீழவயலை ஒத்திக்கு வைத்தார். ஏழு வருடம் அதில் வேறொருவர் நெல் அறுத்தார். வட்டி கிடையாது, வயலின் மகசூல்தான் வட்டி. ஏழு வருடம் கழித்து மீட்கப் போனபோது அசல் அப்படியே நின்றது. அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை வாங்கி மடித்து, நேராக வயலுக்குப் போய் வரப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. செத்த ஈடு என்று ஏதோ ஒரு நார்மன் எழுத்தர் பெயர் வைத்தபோது, அவர் மனதில் இருந்ததும் இந்த வரப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகராதியில் ‘மார்ட்கேஜ்’ என்றால் அடமானம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் ஆறு வகை அடமானம் சொல்கிறது. ஒத்தி அதில் ஒன்று. வரலாற்றுப்படி பார்த்தால் ஒத்திதான் அந்தச் சொல்லின் முதல் பொருளுக்கு மிக அருகில் இருப்பது.

பிரெஞ்சுச் சொற்கள் பற்றி யார் எழுதினாலும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. கொட்டிலில் நிற்கும்போது விலங்குக்கு ஆங்கிலப் பெயர், தட்டுக்கு வந்தால் பிரெஞ்சுப் பெயர். ஆக்ஸ் சமைத்தால் பீஃப், ஷீப் சமைத்தால் மட்டன், பிக் சமைத்தால் போர்க். வளர்த்தவன் ஆங்கிலேயன், சாப்பிட்டவன் நார்மன் என்று விளக்கம். அழகான கதைதான், அடிப்படையும் இருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவு ஒரே நாளில் விழவில்லை. பல நூற்றாண்டுகள் ‘பீஃப்’ என்ற சொல்லை உயிரோடு இருக்கும் மாட்டுக்கும் சொன்னார்கள். 1611-இன் ஆங்கில பைபிளிலேயே அதன் பழைய பன்மை மாடுகளைக் குறித்து வருகிறது. பிரெஞ்சிலோ இன்றுவரை மாட்டுக்கும் கறிக்கும் ஒரே பெயர்தான்.

கதையாகச் சொல்ல எனக்குப் பிடித்தது கடைத்தெருவில் கேட்கிற ஒன்று. மிக்ஸி வாங்கப் போனால் யாராவது ஒருவர் கேட்பார்: “இதுக்கு வாரண்டியா, கேரண்டியா?” கடைக்காரர் வித்தியாசம் சொல்வார். கேரண்டி என்றால் புதுசு மாற்றித் தருவோம், வாரண்டி என்றால் ரிப்பேர் பண்ணித் தருவோம். அடியில் இரண்டும் ஒரே சொல். ஜெர்மானிய மொழியில் ‘வ’ என்று தொடங்கிய சொற்களை நார்மண்டிக்காரர்கள் ‘வ’ என்றே சொன்னார்கள். பாரிஸ் பக்கத்தில் ‘க’ என்று மாற்றிச் சொன்னார்கள். முதலில் நார்மன் வடிவம் வந்தது, பிறகு மற்றது வந்தது. ஆங்கிலம் இரண்டையும் வைத்துக்கொண்டது. ஹாஸ்டல் ‘வார்டன்’, மைனர் பிள்ளையின் ‘கார்டியன்’ இரண்டும் அப்படியே. வில்லியம் என்ற பெயரையே பாரிஸில் ‘கியோம்’ என்பார்கள். கேட்டில், சாட்டல், கேப்பிட்டல் மூன்றும் தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த உடன்பிறப்புகள். மாடு, அசையும் சொத்து, மூலதனம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மாடு என்றால் செல்வம் என்று தமிழ் எப்போதோ சொல்லிவிட்டது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தற்பவம், தற்சமம் தெரியும். வெளியிலிருந்து வந்த சொல் நம் வாய்க்கு ஏற்றபடி மாறினால் தற்பவம். மாறாமல் அப்படியே இருந்தால் தற்சமம். ஆங்கிலத்தில் இருக்கும் பிரெஞ்சை நான் இந்த இரண்டு பெட்டியில்தான் போட்டு வைத்திருக்கிறேன். சேர், டேபிள், சேஞ்ச், சீஃப், வில்லேஜ், மெசேஜ் எல்லாம் தற்பவம். ஆங்கிலேயர் வாயில் எண்ணூறு வருடம் உருண்டு கூழாங்கல் ஆனவை. அவற்றைப் பிரெஞ்சு என்று சொன்னால் ஆங்கிலேயர்களே நம்ப மாட்டார்கள். ரான்டேவூ, பூட்டிக், ஓர் டர்வ் எல்லாம் தற்சமம். பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, பிரெஞ்சு நாகரிகத்தின் மீது ஆசைப்பட்டவர்கள் கொண்டுவந்தவை. ‘சீஃப்’ என்று ‘ச’ வந்தால் பழையது. ‘ஷெஃப்’ என்று ‘ஷ’ வந்தால் புதியது. இரண்டும் தலைவரைக் குறிக்கும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான்.

இந்த இரண்டாவது பெட்டியில்தான் வம்பு. சொல்லை எழுத்துப்படி வாசித்தால் சிரிப்பார்கள். ரெஸ்யூமேயை ‘ரெஸ்யூம்’ என்று சொன்னால் நேர்முகத் தேர்வில் ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பார். நம் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தப் பார்வைக்குப் பயந்து வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் ஆறு மாதம் திறக்கவில்லை. சரியாகச் சொல்வதாக நினைப்பவர்கள் சொல்வதும் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது மாதிரி இருக்காது. கச்சேரி முடிந்ததும் இங்கிலாந்தில் ‘ஆன்கோர்’ என்று கத்துவார்கள். பிரான்சில் அதே இடத்தில் ‘பிஸ்’ என்று கத்துவார்கள். புனைபெயருக்கு ‘நோம் த ப்ளூம்’ என்று இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சு மாதிரியே ஒரு சொல்லை அவர்களாகவே செய்துகொண்டார்கள்.

பிரெஞ்சு நேரடியாகத் தமிழுக்குள் வந்த ஊர் புதுச்சேரி. அங்கே கடற்கரையோரம் நகராட்சிக் கட்டடம் ஒன்று உண்டு. பிரெஞ்சில் ‘மெரி’ என்றால் நகராட்சி அலுவலகம். ஊர்க்காரர்கள் ‘மேரி கட்டடம்’ என்பார்கள். 2014 மழையில் பழைய கட்டடம் இடிந்து விழுந்தபோது செய்தித்தாள்களும் ‘மேரி கட்டடம்’ என்றே எழுதின. வெளியூர்க்காரர்கள் மேரி மாதா பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். இது தற்பவம். ஒரு சொல் தன் ஊர் வாயில் உருண்டால் அந்த ஊருக்குச் சொந்தம் ஆகிறது, அவ்வளவுதான்.

தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் ‘அம்பயர்’ என்று கத்துவதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதன் பழைய பிரெஞ்சு ‘நோன்பெர்’. ஜோடி சேராதவன், இரண்டு பக்கத்திலும் இல்லாத மூன்றாவது ஆள். ஆங்கிலத்தில் ‘எ நௌம்பெர்’ என்று சொல்லிச் சொல்லி, முன்னால் இருந்த ‘ந்’ இடம் மாறி ‘ஆன் அம்பயர்’ ஆகிவிட்டது. சமையலறை ஏப்ரனுக்கும் இதே கதி. அது முன்னால் ‘நேப்ரன்’. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. காதில் எப்படி விழுந்ததோ அப்படிப் பிரித்துக்கொண்டார்கள்.

வருடா வருடம் டிவியில் பார்க்கிற ‘பட்ஜெட்’ ஒரு தோல் பை. பழைய பிரெஞ்சில் ‘பூஜெட்’, சின்னப் பை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நிதியமைச்சர் கணக்கு சொல்ல எழுந்தால் ‘பையைத் திறக்கிறார்’ என்றார்கள்; பிறகு பை என்றாலே கணக்கு என்று ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் புதிய பொருளோடு தங்கள் பையை ஆங்கிலத்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2019 ஜூலையில் நம் நிதியமைச்சர் தோல் பெட்டியை விட்டுவிட்டுச் சிவப்புத் துணியில் சுற்றிய கணக்கேட்டை எடுத்து வந்தார். பை போய்விட்டது, பையின் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

கடைசியாக ஒரு சொல். 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு. அதற்கடுத்த மாதங்களில் எனக்கு வந்த உத்தரவுகளில் பாதிக்கு மேல் ‘கர்ஃபியூ’ என்ற சொல் இருந்தது. தட்டித் தட்டி விரல் அலுத்துப்போன ஓர் இரவில்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். ‘கூவ்ர்’ என்றால் மூடு. ‘ஃபே’ என்றால் நெருப்பு. நெருப்பை மூடு. அதே வருடம் அக்டோபரில் பாரிஸில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டபோது, பிரெஞ்சுக்காரர்கள் காதில் அது நெருப்பை மூடு என்றே விழுந்தது. ஆங்கிலத்தில் நெருப்பு அணைந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஊர்களில் வீடுகள் மரம், கூரை வைக்கோல். நடுவீட்டில் அடுப்பு. ராத்திரி ஒரு பொறி பறந்தால் தெருவே எரிந்துபோகும். அதனால் இரவில் கோயில் மணி அடிக்கும். மணி கேட்டதும் கங்குகளை ஒன்றாகக் கூட்டி, மேலே ஒரு மூடியைக் கவிழ்த்துவிட்டுப் படுப்பார்கள். சுட்ட மண்ணில் செய்த மூடி. மேலே பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி, காற்றுக்குச் சில ஓட்டைகள். அந்த மூடிக்கும் அதே பெயர்தான். நெருப்பு அணைந்துவிடக் கூடாது, வெளியே பரவவும் கூடாது. காலையில் மூடியை எடுத்து ஊதினால் மறுபடி பற்றும்.

எங்கள் ஆச்சி வீட்டில் மூடி கிடையாது. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் ஆச்சி அடுப்பு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, எரிந்த கட்டைகளைத் தட்டி, கங்கை மூலைக்கு ஒதுக்கி, இரண்டு கையாலும் சாம்பலை அள்ளி அதன் மேல் போடுவாள். நீறு பூத்த நெருப்பு என்று பாடத்தில் படிப்பதற்கு முன்பே அதை நான் பார்த்துவிட்டேன். விடியற்காலையில் எதிர்வீட்டுச் சித்தி ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்து, “மைனி, கங்கு இருக்கா?” என்று கேட்பாள். ஆச்சி ஒரு விறகுக் குச்சியால் சாம்பலை விலக்குவாள். உள்ளே சிவப்பாக இருக்கும்.